கர்னலில் நினைவகக் கணக்கு: வேகமாகவும் பத்திரமாகவும் எழுத ஒரு முழு வழிகாட்டி

ஒரு புராசஸோ கண்டெய்னரோ எவ்வளவு நினைவகம் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால் கர்னல் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணால் இரண்டு வேலை ஆகிறது. ஒன்று, பார்ப்பவருக்குக் காட்டுவது. மற்றது, ‘இதற்கு மேல் கிடையாது’ என்று தடுப்பது. காட்டுகிற எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. தடுக்கிற எண் அப்படி இருக்க முடியாது. அது குறைத்துச் சொன்னால் ஒருவர் பங்கை இன்னொருவர் தின்றுவிடுவார்; கூட்டிச் சொன்னால் ஒரு தப்பும் செய்யாத புராசஸ் கொல்லப்படும்.

இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தப் போய்த்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன என்பது என் கணிப்பு. அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கப் போகிறோம்: இந்த எண் எவ்வளவு தப்பாக இருக்கலாம்? தப்பினால் எந்தப் பக்கம் தப்ப வேண்டும்?

உதாரணங்கள் லினக்ஸிலிருந்து. சி மொழியும், லாக், அடாமிக், பேஜ் போன்ற அடிப்படைகளும் தெரிந்திருந்தால் போதும். நினைவகத்தை ஒருவர் பேரில் எழுதுவதைச் சார்ஜ் என்றும், திரும்பக் கழிப்பதை அன்சார்ஜ் என்றும் சொல்கிறேன்.

படி 1: எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

‘நினைவகம்’ என்று பொதுவாகச் சொன்னால் கர்னலில் அர்த்தமே இல்லை. ஒரு புராசஸ் 1 ஜிபி கேட்டு வாங்கி, அதில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் இருக்கலாம். அப்போது கமிட் கணக்கில், அதாவது தருவதாக ஒப்புக்கொண்டதில், அது 1 ஜிபி. ரெசிடென்ட் கணக்கில், அதாவது உண்மையில் ராமில் இருப்பதில், கிட்டத்தட்டப் பூஜ்யம். அதே பேஜ்களைத் தொட்டு, பிறகு ஒரு டிவைஸின் டிஎம்ஏவுக்காக (சிபியு இடையில் இல்லாமல் டிவைஸே நினைவகத்தைத் தொடுவது) இடம் மாறாமல் பின் செய்தால் மூன்றாவதாக ஒரு கணக்கு வருகிறது. இந்தப் பேஜ்களை ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாது, நகர்த்தவும் முடியாது, ஆகவே இவற்றுக்குத் தனி உச்சவரம்பு வேண்டும்.

பகிர்ந்த பேஜ்கள் இன்னொரு தலைவலி. பத்துப் பேர் ஒரே பேஜைப் பயன்படுத்தினால் அதை யார் பேரில் எழுதுவது? லினக்ஸின் மெமரி சிகுரூப் (புராசஸ்களைக் குழுவாக்கி நினைவகத்தை எண்ணி வரம்பிடும் வசதி, சுருக்கமாக மெம்சிஜி) முதலில் தொட்டவர் பேரில் முழுப் பேஜையும் எழுதிவிடுகிறது. நியாயமில்லைதான். ஆனால் சார்ஜ் ஒன்று, அன்சார்ஜ் ஒன்று என்று முடிகிறது. பத்துப் பேருக்கும் பத்தில் ஒரு பங்காகப் பிரித்தால் பதினோராவது ஆள் வரும்போது பத்துக் கணக்கையும் திருத்த வேண்டும். பிரித்துக் காட்டும் பிஎஸ்எஸ் எண் லினக்ஸில் உண்டு. ஆனால் யாராவது ஸ்மாப்ஸ் ஃபைலைப் படிக்கும்போது மட்டுமே அது பேஜ் டேபிளில் நடந்து கணக்கிடப்படுகிறது. காட்ட வேண்டிய எண் என்பதால் அது போதும். தடுக்க வேண்டிய எண்ணுக்கு அந்தச் செலவு கட்டாது.

படி 2: யார் பேரில் எழுதினோம் என்பதைப் பொருளிலேயே எழுதி வையுங்கள்

இது எளிதாகத் தோன்றும், இங்கேதான் பலர் வழுக்குவார்கள். சார்ஜ் செய்யும்போது ‘கரண்ட்’, அதாவது இப்போது ஓடும் டாஸ்க், சரியான ஆள்தான். அன்சார்ஜ் செய்யும்போதும் கரண்டையே நம்பினால் போச்சு. ஃபைல் டிஸ்கிரிப்டரை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வேறொரு புராசஸுக்கு அனுப்பியிருக்கலாம், கடைசியாக மூடியது அந்த இன்னொருவர். நடுவில் செட்யூஐடி நடந்து பயனரே மாறியிருக்கலாம். விடுவிக்கும் வேலையை ஒர்க்கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போட்டிருந்தால் அங்கே கரண்ட் என்பது ஒரு கேஒர்க்கர் திரெட், அதற்கும் இந்த பஃபருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆகவே சார்ஜ் செய்த கணத்திலேயே, யார் பேரில் எழுதினோம், எத்தனை பேஜ் எழுதினோம் என்ற இரண்டையும் பொருளின் ஸ்ட்ரக்ட்டுக்குள் சேமியுங்கள். உரிமையாளருக்கு ஒரு ரெஃபரன்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்சார்ஜ் அந்தச் சேமித்த மதிப்புகளை மட்டுமே பார்க்க வேண்டும். ஐஓயூரிங் (லினக்ஸின் ஒத்திசையா ஐஓ வசதி) தன் கான்டெக்ஸ்டில் பயனரின் ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு பாயிண்டர் வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு ஃபோலியோவிலும் (ஒன்றாகக் கையாளப்படும் பேஜ் தொகுதி) மெம்சிஜி பாயிண்டருக்கென்று ஒரு இடம் இருப்பதும் இதற்காகத்தான்.

எத்தனை பேஜ் என்பதைத் திரும்பக் கணக்கிடாமல் சேமிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நடுவில் பஃபரின் அளவு மாறியிருந்தால், திரும்பக் கணக்கிட்ட எண் சார்ஜ் செய்த எண்ணாக இருக்காது.

படி 3: பார்த்துவிட்டுக் கூட்டாதீர்கள்

முதல் வரைவில் எல்லாரும் எழுதுவது இதுதான்: எண்ணைப் படி, லிமிட்டுக்குள் இருக்கிறதா பார், இருந்தால் கூட்டு. கவுண்டர் அடாமிக்காக இருந்தாலும் இது தப்பு. லிமிட் 100 பேஜ், இப்போது 98 இருக்கிறது. இரண்டு சிபியுக்களில் ஆளுக்கு 2 பேஜ் கேட்கிறார்கள். இருவரும் 98ஐப் படிக்கிறார்கள், இருவருக்கும் 100 சரிதான், இருவரும் கூட்டுகிறார்கள். 102. எட்டு சிபியு ஒரே நேரத்தில் வந்தால் 114. வேண்டுமென்றே பல திரெட்களில் இதைச் செய்பவருக்கு லிமிட் என்பதே ஒரு ஒப்புக்குத்தான்.

திருத்த இரண்டு வழி. முதலாவது, கம்பேர்-அண்ட்-ஸ்வாப் சுற்று: படி, புதிய மதிப்பைக் கணக்கிடு, லிமிட்டைத் தாண்டினால் மறு, இல்லையென்றால் ‘நான் படித்த மதிப்பு இன்னும் மாறாமல் இருந்தால் மட்டும்’ எழுது, மாறியிருந்தால் திரும்ப வா. ஐஓயூரிங் லாக் செய்த நினைவகத்தைக் கணக்கிடுவது இந்த முறையில்தான். துல்லியம் முழுசாகக் கிடைக்கும். நெரிசல் வந்தால் பலர் தோற்றுத் தோற்றுச் சுற்றுவார்கள். எப்போதாவது நடக்கும் வேலைக்கு, உதாரணமாக பஃபர் பதிவு செய்வதற்கு, இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, முதலில் கூட்டிவிட்டுப் பிறகு பார்ப்பது. லினக்ஸின் பேஜ் கவுண்டர் செய்வது இதைத்தான்:

    புதியது = அடாமிக்_கூட்டு(எண், பேஜ்கள்)
    புதியது > லிமிட் என்றால்:
        அடாமிக்_கழி(எண், பேஜ்கள்)
        மறு
    ஏற்றுக்கொள்

சுற்றே இல்லை, ஒரு அடாமிக் கட்டளையில் வேலை முடிகிறது. ஒரு சின்ன விலை மட்டும் உண்டு. லிமிட் 1000, இப்போது 600 என்று வையுங்கள். 2 எம்பி ஹியூஜ் பேஜ் ஒன்று, அதாவது 512 பேஜ், வருகிறது: 1112. அது தோற்றுத் தன் 512ஐக் கழிப்பதற்குள் இன்னொருவர் வெறும் 1 பேஜ் கேட்டு வந்தால் அவருக்குத் தெரிவது 1113. இடம் இருந்தும் மறுக்கப்படுகிறார். ஆனால் லிமிட்டை யாரும் மீறவில்லை. தவறு மறுக்கும் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, அதன் அளவும் ஒரு ஹியூஜ் பேஜைத் தாண்டாது. மறுக்கப்பட்டவர் ரிக்ளெய்ம் செய்துவிட்டு, அதாவது பயன்படாத பேஜ்களை மீட்டுக்கொண்டு, திரும்ப வருவார். படி 1க்கு முன் கேட்ட இரண்டு கேள்விக்கும் இங்கே தெளிவான பதில் இருப்பதைக் கவனியுங்கள். இப்படிப் பதில் சொல்ல முடிகிற தவறுகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2008இல் 2.6.25 பதிப்பில் மெமரி கண்ட்ரோலர் வந்தபோது கணக்கு வைத்த கவுண்டருக்குள் ஒரு ஸ்பின்லாக் இருந்தது. 2015இல் வந்த 3.19இல்தான் லாக் இல்லாத பேஜ் கவுண்டர் அதன் இடத்துக்கு வந்தது.

லிமிட்டைக் குறைப்பதும் இதே மாதிரிதான். ‘இப்போதைய பயன்பாடு புதிய லிமிட்டுக்குள் இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு எழுதினால், நடுவில் ஒருவர் புகுந்துவிடுவார். புதிய லிமிட்டை முதலில் எழுதிவிடுங்கள், அப்புறம் பயன்பாட்டைப் பாருங்கள். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் மெமரி.மேக்ஸ் இப்படித்தான்: முதலில் கதவு அடைபடுகிறது, பிறகு உள்ளே அதிகமாக இருப்பது ரிக்ளெய்ம் ஆகிறது, அதுவும் போதாவிட்டால் ஓஓஎம், அதாவது நினைவகம் போதாமல் ஒரு புராசஸைக் கொல்வது.

படி 4: முதலில் சார்ஜ், பிறகு ஒதுக்கீடு

வரிசை மாறக்கூடாது. ஒதுக்கிவிட்டுச் சார்ஜ் செய்தால், மறுக்கப்படுவதற்குள் அந்த நினைவகம் ஏற்கெனவே கையில் இருக்கும். பலர் சேர்ந்து இதைச் செய்தால் லிமிட்டுக்கு மேல் பெரிய தொகையைச் சில கணங்கள் பிடித்து வைக்க முடியும். விடுவிக்கும்போது தலைகீழ்: முதலில் நினைவகத்தைத் திருப்பிக் கொடு, பிறகு அன்சார்ஜ் செய், கடைசியாக உரிமையாளரின் ரெஃபரன்ஸை விடு.

தோல்விப் பாதையில் நிதானம் வேண்டும். சார்ஜ் ஆனது, 40 பேஜ் கேட்டதில் 25 கிடைத்து 26ஆவதில் ஒதுக்கீடு தோற்றது என்றால், கழிக்க வேண்டியது 40. கிடைத்த 25ஐ மட்டும் கழித்துவிட்டு வெளியேறும் கோடு (code) ரிவ்யூவில் எளிதாகத் தப்பிவிடும். ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் 15 பேஜ் கணக்கில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

படி 5: மேல்மட்டம் வரை

சிகுரூப் ஒரு மரம். குழந்தைக்கு எழுதியது பெற்றோருக்கும் மேலே உள்ள எல்லாருக்கும் எழுதப்பட வேண்டும். கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே சார்ஜ் செய்யுங்கள். நடுவில் ஒருவர் மறுத்தால் அவருக்குக் கீழே எழுதியவற்றைக் கழித்துவிட்டு, மறுத்தவர் யார் என்பதையும் திருப்பிக் கொடுங்கள். ரிக்ளெய்ம் அந்த மட்டத்தில்தான் நடக்க வேண்டும். இதில் வேறு சூட்சுமம் இல்லை, ஆழம் கூடக் கூட அடாமிக் கட்டளைகளும் கூடும் என்பதைத் தவிர. அதுதான் அடுத்த படிக்குக் காரணம்.

படி 6: ஒவ்வொரு சிபியுவிலும் கொஞ்சம் கையிருப்பு

இதுவரை செய்தது சரியான கணக்கு. வேகமான கணக்கு இல்லை. ஒரு கண்டெய்னரின் திரெட்கள் 64 சிபியுவில் ஓடி, ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டிலும் ஒரே கவுண்டரைத் தொட்டால், அந்தக் கவுண்டர் இருக்கும் கேஷ் லைன் சிபியுக்களுக்கு இடையே இழுபட்டுக்கொண்டே இருக்கும். அடாமிக் கூட்டல் தன்னளவில் மலிவு. அந்த 64 பைட் லைனை வேறொரு சிபியுவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் செலவு.

தீர்வு: ஒரு பேஜ் கேட்டால் மையக் கவுண்டரில் மொத்தமாக 64 பேஜ் எழுதிக்கொண்டு, மீதி 63ஐ இந்தச் சிபியுவின் ஸ்டாக்கில் (stock, அதாவது கையிருப்பில்) வைத்துக்கொள்வது. அடுத்த 63 கோரிக்கைகள் மையத்தைத் தொடவே தேவையில்லை. மெம்சிஜியில் இந்தத் தொகுதி முன்பு 32 ஆக இருந்து 2022இல் 64 ஆனது.

இங்கே பிழையின் திசையைப் பாருங்கள். ஸ்டாக்கில் இருப்பது ஏற்கெனவே மையக் கணக்கில் எழுதப்பட்ட முன்பணம். ஆகவே மைய எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஒருபோதும் குறையாது. தடுக்கும் எண்ணுக்கு இந்தத் திசைதான் வேண்டும். இதையே திருப்பிப் போட்டு, சிபியுவில் சேர்த்துக்கொண்டே போய் 64 ஆனதும் மையத்தில் எழுதலாம் என்றால் அது கடன். மைய எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், லிமிட் கசியும்.

அளவு எவ்வளவு? 4 கேபி பேஜ் என்றால் 64 பேஜ் என்பது 256 கேபி. 128 சிபியு இருந்தால் உச்சமாக 32 எம்பி. லிமிட் 100 ஜிபி என்றால் இதைப் பற்றிக் கவலையே இல்லை. லிமிட் 50 எம்பி என்றால் பாதிக்கு மேல் பயன்படாத முன்பணமாகத் தேங்கலாம். இதைச் சமாளிக்க மெம்சிஜி சில தந்திரங்கள் வைத்திருக்கிறது, உங்கள் கோடிலும் இவை வேண்டும்.

தொகுதியாக எழுத முடியவில்லை என்றால் உடனே தோற்காதீர்கள். கேட்ட அளவுக்கு மட்டும் மறுபடி முயலுங்கள். அதுவும் முடியாவிட்டால் ரிக்ளெய்ம். அதற்கும் பிறகு, மறுப்பதற்கு முன், எல்லாச் சிபியுக்களின் ஸ்டாக்கையும் ஒருமுறை வடித்து மையத்துக்குத் திருப்புங்கள். பிறர் கையிருப்பில் 20 எம்பி சும்மா கிடக்கும்போது ஓஓஎம் கில்லரை அழைப்பது அநியாயம். வடிப்பது செலவான வேலை, மற்றச் சிபியுக்களுக்கெல்லாம் வேலை அனுப்ப வேண்டும். அதனால் ஒரு கோரிக்கைக்கு ஒருமுறை மட்டும்.

பிறகு சில நுணுக்கங்கள். ஸ்டாக்கைப் படித்துக் கழிப்பதற்கு நடுவே இண்டரப்ட் வந்து அதே ஸ்டாக்கைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும். இண்டரப்டை அடைக்க வேண்டும், அல்லது லோக்கல் லாக் வேண்டும். வெறும் பிரீஎம்ப்ட் தடை போதும் என்று நினைக்கும் முன், இந்தக் கோடு இண்டரப்டிலிருந்து கூப்பிடப்படுமா என்று பாருங்கள். சிபியு ஒன்று ஆஃப்லைன் ஆனால் அதன் ஸ்டாக்கில் இருந்ததை யாராவது திருப்ப வேண்டும். ஹாட்பிளக் அழைப்பில் இதை மறந்தால் அந்த முன்பணம் அங்கேயே புதைந்துவிடும். ஸ்டாக் ஒரே ஒரு சிகுரூப்பை மட்டும் நினைவில் வைத்தால், இரண்டு சிகுரூப்களின் டாஸ்க்குகள் ஒரே சிபியுவில் மாறி மாறி ஓடும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழையதைத் திருப்பிப் புதியதை நிரப்ப வேண்டிவரும். சேமித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

கடைசியாக, ஸ்ட்ரக்ட்டின் அமைப்பு. அடிக்கடி எழுதப்படும் பயன்பாட்டு எண்ணும், எப்போதாவது மாறினாலும் எல்லாரும் படிக்கிற லிமிட்டும் பெற்றோர் பாயிண்டரும் ஒரே கேஷ் லைனில் இருந்தால், படிப்பவர்களும் சேர்ந்து அடிபடுவார்கள். இரண்டையும் வெவ்வேறு லைனில் வையுங்கள். பேஜ் கவுண்டருக்கே இந்தத் திருத்தம் 2022இல்தான் வந்தது. ஆகவே முதல் முறையே உங்களுக்குச் சரியாக அமையவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெர்ஃப் சி2சி ஓட்டிப் பார்த்தால் எந்த லைன் அடிபடுகிறது என்று காட்டிவிடும்.

படி 7: பேஜைவிடச் சிறியவை

டென்ட்ரி (ஃபைல் பெயரை நினைவில் வைக்கும் கர்னலின் சிறு பொருள்) ஒன்று 64 பிட் கர்னலில் பொதுவாக 192 பைட். 4 கேபி ஸ்லாப் பேஜில் (சிறு பொருட்களுக்காகத் துண்டு போட்ட பேஜ்) 21 டென்ட்ரி அடங்கும். அந்தப் பேஜை முழுதாக முதல் ஆள் பேரில் எழுதினால் மீதி 20 பேர் இலவசமாகப் பயணிப்பார்கள். ஒவ்வொரு சிகுரூப்புக்கும் தனி ஸ்லாப் பேஜ் கொடுத்தால் பாதி காலியான பேஜ்கள் எங்கும் கிடக்கும். லினக்ஸ் பல வருடம் இரண்டாவது வழியில்தான் இருந்தது. 2020இல் வந்த 5.9இல் ஸ்லாப் பேஜ்களைப் பொதுவாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ‘யாருடையது’ என்ற பாயிண்டரை மட்டும் தனியே வைத்து, பைட் கணக்கில் சார்ஜ் செய்யத் தொடங்கினார்கள். மையக் கவுண்டர் இப்போதும் பேஜ் அலகில்தான். பேஜுக்குக் குறைவான மிச்ச பைட்கள் சிபியு ஸ்டாக்கில் இருக்கும். அதாவது படி 6இன் அதே முன்பணம், இன்னும் ஒரு மட்டம் கீழே.

எல்லாச் சிறு பொருளையும் எண்ண வேண்டியதில்லை. 2016இல் 4.5 முதல் கர்னலின் சொந்த ஒதுக்கீடுகளில் விருப்பம் தெரிவித்தவை மட்டுமே எண்ணப்படுகின்றன. ஜிஎஃப்பி_அக்கவுண்ட் என்ற கொடி அதற்காக. என் அளவுகோல் ஒன்றே: பயனர் சிஸ்டம் கால் மூலமாக இதைக் கட்டுப்பாடின்றிப் பெருக்க முடியுமா? முடியும் என்றால் எண்ணுங்கள். சிஸ்டம் தொடங்கும்போது ஒரு தடவை ஒதுக்குவதை எண்ணிப் பயனில்லை.

படி 8: காட்டும் எண்களை மலிவாக வையுங்கள்

இப்போது எதிர்ப்பக்கம். புள்ளிவிவரங்களுக்குக் கடன் முறை பொருந்தும்: ஒவ்வொரு சிபியுவும் தன் எண்ணைத் தானே கூட்டிக்கொள்ளட்டும், அவ்வப்போது மையத்தில் சேர்க்கட்டும். லினக்ஸின் பெர்சிபியு கவுண்டர் இதுதான். இயல்பான தொகுதி அளவு 32, அல்லது சிபியு எண்ணிக்கையின் இரு மடங்கு, இரண்டில் பெரியது. பிழை எல்லை அந்தத் தொகுதியைச் சிபியு எண்ணிக்கையால் பெருக்கினால் வரும். 64 சிபியுவில் தொகுதி 128, எல்லை 8192. எண்ணுவது பேஜ் என்றால் 32 எம்பி.

இந்த எண்ணை லிமிட்டோடு ஒப்பிட வேண்டி வந்தால் ஒரு நல்ல வழி உண்டு. தோராய எண் லிமிட்டிலிருந்து அந்தப் பிழை எல்லையைவிடத் தூரமாக இருந்தால் அதையே நம்பு. நெருங்கிவிட்டால் மட்டும் எல்லாச் சிபியுவையும் கூட்டிப் பார். பெரும்பாலான நேரம் மலிவு, தேவைப்படும்போது மட்டும் செலவு.

காட்டும் எண், தடுக்கும் எண் என்ற பிரிவினை கர்னலில் எவ்வளவு கறாராகப் பின்பற்றப்படுகிறது என்பதற்குக் கமிட் கணக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஓவர்கமிட் கொள்கை (இருப்பதைவிட அதிகமாகக் கேட்டால் ஒப்புக்கொள்வதா என்ற அமைப்பு) 0 அல்லது 1 என்றால் மொத்தக் கமிட் எண் யாரையும் தடுப்பதில்லை. கொள்கை 2 என்றால் அதுவே கறாரான வரம்பு. எண்ணுவது அதே கவுண்டர்தான். 5.9 முதல், கொள்கை 2இல் ஒரு சிபியுவின் தொகுதி அளவு அதன் பங்கு ராமில் சுமார் 0.4 சதவீதம், மற்றக் கொள்கைகளில் 25 சதவீதம்! கொள்கையை 2க்கு மாற்றும் கணத்தில் எல்லாச் சிபியுவின் மிச்சத்தையும் மையத்தில் சேர்த்துவிட்டுத்தான் மாற்றுகிறார்கள். எண்ணின் வேலை மாறியதும் அதன் துல்லியமும் மாறுகிறது.

மெமரி.ஸ்டாட் போன்ற பெரிய புள்ளிவிவரப் பட்டியல்களில் சிக்கல் படிப்பதில் வருகிறது. நூற்றுக்கணக்கான சிகுரூப், நூறு சிபியு, பல பத்து எண்கள்; கண்காணிப்புக் கருவி நொடிக்கு ஒருமுறை படித்தால் கர்னல் கூட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அதனால் எந்தச் சிபியுவில் எந்தச் சிகுரூப் மாறியது என்று மட்டும் குறித்து வைத்து, அவற்றை மட்டும் சேர்க்கிறார்கள். பின்னணியில் 2 நொடிக்கு ஒருமுறை சேர்ப்பு நடக்கிறது. மாற்றம் ஒரு அளவைத் தாண்டாவிட்டால் படிப்பவருக்குச் சற்றுப் பழைய எண்ணே கிடைக்கும். காட்டும் எண் என்பதால் சரி.

பெர்சிபியு ஆக்கினால் எல்லாம் இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். புராசஸின் ஆர்எஸ்எஸ் (ரெசிடென்ட்) எண்ணை 2023இல் 6.2இல் பெர்சிபியு கவுண்டருக்கு மாற்றினார்கள். அதற்குமுன் ஒவ்வொரு டாஸ்க்கும் 64 நிகழ்வுவரை தன்னிடமே சேர்த்து வைத்தது. பல திரெட் உள்ள நிரல்களுக்குத் துல்லியம் கூடியது. ஆனால் இப்போது ஒவ்வொரு ஃபோர்க்கிலும் சிபியு எண்ணிக்கைக்கேற்ப நினைவகம் ஒதுக்கித் துவக்க வேண்டும். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் நொடிக்கு நூற்றுக்கணக்கான குட்டிப் புராசஸ்களைப் பெற்றுத் தள்ளும் இடத்தில் அந்தச் செலவு தெரியும்.

படி 9: எண் மேலேயும் கீழேயும் வழியாமல்

பயனர் தந்த நீளத்தைப் பேஜாக மாற்றும் வழக்கமான கணக்கு: 4095ஐக் கூட்டி 12 பிட் வலப்பக்கம் தள்ளு. நீளம் 64 பிட்டின் உச்ச மதிப்பு என்றால், 4095ஐக் கூட்டியதும் அது சுற்றிக்கொண்டு 4094 ஆகிறது. 12 பிட் தள்ளினால் பூஜ்யம். பூஜ்யம் பேஜுக்குச் சார்ஜ் கேட்டால் எந்த லிமிட்டும் ‘தாராளமாக’ என்றுதான் சொல்லும். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ, செக்_மல்_ஓவர்ஃப்ளோ போன்ற உதவிகள் கர்னலில் இருக்கின்றன. பயனரிடமிருந்து வரும் எண்ணில் அவற்றைத் தவிர வேறு வழியில் கணக்குப் போடாதீர்கள். பூஜ்ய நீளத்தையும் நுழைவாயிலிலேயே மறுத்துவிடுங்கள்.

கீழே வழிவது இன்னும் மோசம். குறியில்லாத எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மாபெரும் எண்ணாகும். அந்தக் கண்டெய்னர் இனி ஒரு பேஜ்கூட வாங்க முடியாது. குறியுள்ள எண் என்றால் மைனஸில் நிற்கும். அவ்வளவு அளவுக்கு லிமிட்டை மீறலாம், யாருக்கும் தெரியாது. பேஜ் கவுண்டர் குறியுள்ள எண்ணைப் பயன்படுத்தி, கழித்தபின் மைனஸ் வந்தால் ஒருமுறை எச்சரிக்கை அச்சிட்டு, எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறது. எச்சரிக்கை ஒருமுறைதான் என்பது முக்கியம். ஒவ்வொரு முறையும் அச்சிட்டால் பயனரே கர்னலின் பதிவேட்டை (log) நிரப்ப வழி கிடைத்துவிடும்.

படி 10: உரிமையாளர் முதலில் செத்தால்

கண்டெய்னர் மூடப்பட்டது, சிகுரூப் டைரக்டரி அழிக்கப்பட்டது. ஆனால் அது உருவாக்கிய டென்ட்ரிகளும் பேஜ் கேஷும் இன்னும் நினைவகத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அந்தச் சிகுரூப்பைப் பிடித்துக்கொண்டு. கண்ணுக்குத் தெரியாத செத்த சிகுரூப்கள் ஆயிரக்கணக்கில் சேரும். ஒவ்வொன்றிலும் சிபியுவுக்கு ஒன்றாகப் புள்ளிவிவரங்கள் இருப்பதால் அவையே கணிசமான நினைவகத்தைத் தின்னும். நினைவகத்தை எண்ணப் போய் நினைவகத்தை இழப்பது!

பொருளிலிருந்து சிகுரூப்புக்கு நேரடியாகப் பாயிண்டர் வைக்காமல், நடுவில் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் வைப்பது தீர்வு. சிகுரூப் சாகும்போது அந்த நடு ஸ்ட்ரக்ட்டின் பாயிண்டரை மட்டும் பெற்றோரை நோக்கித் திருப்பினால், லட்சம் பொருட்களும் ஒரே வரியில் இடம் மாறிவிடும். பெற்றோரின் எண்ணில் இந்தத் தொகை ஏற்கெனவே இருக்கிறது (படி 5), ஆகவே அங்கே எதையும் கூட்ட வேண்டியதில்லை. 5.9இல் ஸ்லாப் கணக்கு மாறியபோது ஸ்லாப் பொருட்களுக்கு இதுவும் சேர்ந்தே வந்தது. படிப்பவர்கள் ஆர்சியு (லாக் இல்லாமல் பத்திரமாகப் படிக்கும் கர்னல் முறை) பாதுகாப்பில் பாயிண்டரை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 11: மறுக்க முடியாத நேரங்கள்

சில கோரிக்கைகளை லிமிட் தாண்டினாலும் ஏற்க வேண்டும். ஓஓஎம் கில்லர் ஒரு புராசஸைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அது செத்து நினைவகத்தை விடுவிக்கவே இன்னும் ஓரிரு பேஜ் வேண்டியிருக்கிறது. அங்கே லிமிட்டைக் காட்டி மறுத்தால் இரண்டு பக்கமும் நகராமல் நிற்கும். இத்தகைய இடங்களில் கட்டாயமாகச் சார்ஜ் செய்யுங்கள், எண்ணைத் தாண்டவிடுங்கள். கணக்கில் எழுதாமல் கொடுப்பதைவிட, எழுதித் தாண்டவிடுவது எப்போதும் மேல். பிற்பாடு வரும் அன்சார்ஜ் பொருந்தும்.

லாக் பிடித்துக்கொண்டு, தூங்க முடியாத இடத்திலிருந்து வரும் கோரிக்கைகளுக்கும் அங்கேயே ரிக்ளெய்ம் செய்ய முடியாது. மெமரி.ஹை (மெமரி.மேக்ஸைவிட மென்மையான வரம்பு) இதற்கு அழகான வழி காட்டுகிறது: சார்ஜை ஏற்றுக்கொண்டு, அந்த டாஸ்க் பயனர் பக்கம் திரும்பும் வாசலில் ரிக்ளெய்ம் செய்யவைத்து, தேவையானால் தூங்கவும் வைக்கிறது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 நொடி. அந்த வாசலில் டாஸ்க் கையில் எந்தக் கர்னல் லாக்கும் இருக்காது.

படி 12: சோதனை

தோல்விப் பாதைகள் தானாக ஓடாது, ஓட வைக்க வேண்டும். ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்_பேஜ்_அலாக் என்ற தோல்வித் திணிப்பு வசதிகளை இயக்கி, திறந்து மூடும் சுற்றை நீண்ட நேரம் ஓடவிடுங்கள். ரேஸ்களை (இருவர் ஒரே நேரத்தில் தொட்டுக் கெடுப்பதை) பிடிக்கக் கேசிசான் கருவி, விடுவித்த உரிமையாளரைத் தொடுவதைப் பிடிக்கக் காசான் கருவி. கர்னல் மூலத்திலேயே சிகுரூப் செல்ஃப்டெஸ்ட்கள் இருக்கின்றன, அவற்றையும் ஓட்டுங்கள்.

சுற்று முடிந்தபின் ஸ்டாக்கை வடித்துவிட்டுக் கவுண்டரைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால், மிச்சத்தின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே அளவு கூடுகிறது என்றால் படி 4இன் திருப்பும் பாதையில் ஒரு கழித்தல் விடுபட்டிருக்கிறது. ஒற்றைத் திரெட்டில் சுத்தமாக இருந்து, பல திரெட்டில் மட்டும் ஒழுங்கில்லாமல் கூடுகிறது அல்லது குறைகிறது என்றால் ரேஸ். முதலில் ஸ்டாக்கைத் தொடும் கோடையும் இண்டரப்டையும் சந்தேகியுங்கள். சிபியுவை ஆஃப்லைன் செய்தால் மட்டும் 64க்குள் ஒரு தொகை தங்குகிறது என்றால் ஹாட்பிளக் அழைப்பைப் பாருங்கள். ஒரு உரிமையாளரிடம் மிச்சம் இருந்து, இன்னொருவரிடம் அதே அளவு மைனஸ் எச்சரிக்கை வருகிறது என்றால், கோடில் எங்கோ ஓரிடத்தில் அன்சார்ஜ் இன்னும் கரண்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.